நல்ல தண்ணி எண்டா என்ன தண்ணி?

ஓய்வு பெற்றவன் எழுதுகிறான் என்றதும் நரைத்த தலையையும் மூக்குக்கண்ணாடியையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு முப்பத்தொரு வயது. தலைமுடி முழுக்க இருக்கிறது. ஓய்வூதியம்தான் இல்லை. கிளிநொச்சியில் வீட்டுக் கோப்பி மெசின்களைத் திருத்தியும் மாற்றியும் ஆறு வருடம் ஓட்டிவிட்டு, போன வருடம் கையை எடுத்துவிட்டேன். இதே தொழிலைத் தொடங்க என் சாமான் பெட்டியைக் கொண்டுபோன நீங்கள், தொழிலைப் பற்றி ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டீர்கள். ஓ.எல். பரீட்சையில் தமிழுக்கு நான் எடுத்த புள்ளி தெரிந்திருந்தால் கேட்டிருக்க மாட்டீர்கள்.

எந்த வயர் எங்கே போகும் என்று நான் எழுதப்போவதில்லை. அதை இணையத்தில் தாடி வைத்த வெள்ளைக்காரர்கள் என்னைவிட நன்றாகச் சொல்லித் தருகிறார்கள். அவர்கள் சொல்லித் தராத ஒன்றைத்தான் எழுதுகிறேன். அது என்னுடைய வெட்கக்கேடு என்பதால் மெதுவாகத்தான் வரும்.

முதலில் நான் எப்படிக் கெட்டுப்போனேன் என்று சொல்ல வேண்டும். உடையார்கட்டில் ஒருவர் கனடாவிலிருந்து திரும்பி வந்து வீடு கட்டினார். வரும்போது கோப்பி மெசினையும் கப்பலில் போட்டுவிட்டார். அந்த நாட்டு மின்சாரம் நம்முடையதில் பாதி என்பதை மறந்து நேராகச் சுவரில் செருகினார். புகை வந்தது. மெசினுக்கு மூளை மாதிரி உள்ளே ஒரு போர்ட் இருக்குமே, அது கருகிப்போயிருந்தது. புதுப் போர்டுக்கு எழுதிப் போட்டால் ஆறு மாதம். நான் கருகியதைக் கழற்றி எறிந்துவிட்டு, சூடாக்கிகளை மாற்றி, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் சின்னக் கருவி ஒன்றையும் மின்சாரத்தை விட்டு மறிக்கும் இரண்டு ரிலேக்களையும் பூட்டி, என் மூளையை அதற்குக் கொடுத்தேன். வேலை செய்தது. கோப்பி முன்பைவிட ருசி என்று மனிதர் சத்தியம் பண்ணினார். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் மூடியைத் திறந்து உள்ளே காட்டினார். சாமி அறையைக்கூட அப்படிக் காட்டியிருக்க மாட்டார்.

அன்றைக்குப் பிடித்தது எனக்கு இந்த வருத்தம், மருந்தில்லாத நோய். அதன் பிறகு எந்த மெசின் வந்தாலும் கை தானாகப் போர்டுக்குப் போகும். மெசினுக்கு என்ன குறை என்று பார்ப்பதற்கு முன்பே, அதை எப்படி என்னுடையதாக்கலாம் என்று பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

வவுனியாவில் ஒரு பெண் இருந்தாள், என் வயதுதான். மெசின்களுக்கான உதிரிப்பாகங்களை எடுத்து விற்பவள். தாத்தா காலத்தில் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். பேர் வேண்டாம், தன்னைப் பற்றி எழுதினேன் என்று தெரிந்தால் திட்டுவாள். ரப்பர் வளையம் ஒன்று கேட்டால்கூட மூன்று கேள்வி கேட்பாள். யார் வீட்டு மெசின், கரண்ட் எப்படி, தண்ணி என்ன. நான் அவளைக் குடிசன மதிப்பு உத்தியோகத்தர் என்று கூப்பிடுவேன். ஒருநாள் கேட்கும் முன்பே, வீட்டில் எத்தனை பேர், எத்தனை ஆடு, கூரை ஓடா தகரமா என்று எல்லாவற்றையும் போனில் சொல்லி முடித்தேன். சிரித்துவிட்டு மறுபடியும் கேட்டாள், "சரி, என்னா தண்ணி ஊத்துறாங்க?" எனக்கு இந்தத் தொழிலைப் பழக்கியவர் என்று யாரையாவது சொல்ல வேண்டுமென்றால் அவள்தான். பழக்கினாள், நான்தான் பழகவில்லை.

இனி மல்லாவி வசந்தியக்காவுக்கு வருகிறேன்.

அக்காவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். சட்டை தைப்பவர். புருசன் சிறுநீரக வருத்தத்தில் செத்துச் சில வருடம். தைத்துத் தைத்துக் கண் போய்விட்டது. கண்ணாடி போட்டும் ஊசியில் நூல் கோர்க்கப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட வேண்டியிருந்தது. சுவிசில் இருக்கும் தமையன் புது மெசின் வாங்கியபோது பழையதை இவருக்கு அனுப்பி வைத்தார். வீட்டு மெசின்தான், ஆனால் இரட்டைப் பொயிலர், தண்ணீர் கொதிக்கும் பாத்திரம் இரண்டு. ஒரு பொயிலர் கோப்பிக்கு, மற்றது பாலை நுரைக்க வைக்கும் நீராவிக்கு. இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் என்பதால் சின்னக் கடைக்குப் போதும். அக்காவின் முன்னறை தெருவைப் பார்த்தது, எதிரே பிள்ளைகள் படிக்கும் ரியூசன் கொட்டில். அறைக்குப் பச்சைப் பெயின்ற் அடித்து, பலகை மேசை போட்டு, வெள்ளிக்கிழமை காலை திறப்பதென்று சொல்லியும் விட்டார். தையல் மெசினைத் துணி போட்டு மூடிப் பின்னறைக்குத் தள்ளிவிட்டார். கண் முழுதாகப் போகும் முன் வேறு தொழிலுக்கு மாறிவிட வேண்டும், அவ்வளவுதான் அவருடைய கணக்கு.

பிரச்சினை, மெசின் ஓடவில்லை. ஓட்டோவில் ஏற்றி என்னிடம் கொண்டுவந்தார்.

"போட்டு அஞ்சு நிமிசத்திலை பீப் பீப் எண்டு கத்திப்போட்டு நிக்குது தம்பி."

"சுவிஸ் மெசின் அக்கா. அஞ்சு நிமிசம் வேலை, பிறகு தேத்தண்ணிக்குப் போயிடும். யூனியன் வச்சிருக்குது."

அக்கா சிரித்தார். நல்ல சிரிப்பு, உடம்பு முழுக்கக் குலுங்கும். என்னைப் போன்ற ஆளுக்கு அப்படிச் சிரிக்கிறவர் அகப்பட்டால் போதும், வேறு எதுவும் காதில் ஏறாது. நான் பேச்சுக்குக் கேட்டேன்.

"நல்ல தண்ணி தானே விடுறனீங்கள்?"

"ஓம், நல்ல தண்ணி தான். எங்கட வீட்டிலை அவர் போனாப் பிறகு..."

"அவர் போனாப் பிறகு மெசினுக்கு நீங்கள்தான் சமைச்சுக் குடுக்கிறியளோ?"

மறுபடியும் சிரித்தார். சொல்ல வந்ததை அப்படியே விட்டுவிட்டார். ஒருவர் செத்த புருசனைப் பற்றிச் சொல்ல வாய் திறந்த இடத்தில் நான் பகிடி விட்டிருக்கிறேன் என்பதுகூட அப்போது உறைக்கவில்லை.

அவர் போன கையோடு மூடியைக் கழற்றினேன். இங்கேதான் கவனியுங்கள். ஒரு போத்தல் தண்ணீர் ஊற்றி, அந்தப் பழைய போர்டோடேயே ஒரு தரம் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. கப்பலில் ஆடிக் குலுங்கிப் போர்ட் பழுது என்று பெட்டியைத் திறக்கும் முன்பே முடிவு கட்டிவிட்டேன். போர்டைக் கழற்றிப் பிஸ்கட் ரின்னில் போட்டேன். உடையார்கட்டு வைத்தியத்தை இதற்கும் செய்தேன். கடை நடத்தப் போகிறாரே என்று நீராவியின் அழுத்தத்தையும் கொஞ்சம் கூட்டிவிட்டேன். ரிலேக்களுக்கு வவுனியாவுக்குச் சொன்னபோது வழக்கமான கேள்வி வந்தது. நல்ல தண்ணி என்று ஒரே சொல்லில் முடித்தேன். அவளும் சரி என்றாள்.

என் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி ஓட்டினேன். அழகாக ஓடியது. பம்ப் ஆறு விநாடி இரைந்து பொயிலரை நிரப்பிவிட்டு நின்றது. ஒரு பீப் இல்லை. நானே என் தோளில் தட்டிக்கொண்டேன்.

வியாழக்கிழமை பின்னேரம் மெசினை மல்லாவிக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். அன்றைக்கு எங்களுக்கு மென்பந்துக் கிரிக்கெட் போட்டி இருந்தது. போட்டுக் காட்ட நேரமில்லை. தொட்டியில் நல்ல தண்ணி விடுங்கோ, கால் மணித்தியாலம் சூடேற விடுங்கோ, காலமை எட்டு மணிக்கு முதல் கோப்பி குடிக்க நான் வாறன் என்று சொல்லிவிட்டு ஓடினேன். போட்டியில் பூச்சியத்துக்கு ஆட்டமிழந்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும், அந்த ஓட்டத்துக்குக் கிடைத்தது அதுதான்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு நான் இன்னும் கிளிநொச்சியில்தான். எட்டரைக்கு போன் அடித்தது.

"தம்பி, மெசின் நிப்பாட்டாமல் இரையுது. இப்பிடித்தானோ இரையிறது?"

பின்னால் பம்பின் சத்தம் எனக்கும் கேட்டது. ஆறு விநாடியில் நிற்க வேண்டிய சத்தம். அந்த நேரத்தில் நான் கடைத் திறப்புக்குப் போடச் சேட்டு ஒன்றைத் தேய்த்துக்கொண்டு நின்றேன். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு சொன்னேன்:

"கடை திறக்கிற சந்தோசப் புழுகத்திலை பாடுது அக்கா. பாட விடுங்கோ, நான் வந்து தாளம் போடுறன்."

அவர் சிரித்தார். போனை வைத்தார்.

பிளக்கைக் கழட்டுங்கோ. நான் சொல்லியிருக்க வேண்டியது அந்த இரண்டே சொல். இத்தனை நாளில் அந்த இரண்டு சொல்லையும் நான் எத்தனை தரம் சொல்லிப் பார்த்திருப்பேன். சேட்டுத் தேய்க்கும்போது சொல்வேன், மோட்டார்சைக்கிளில் போகும்போது ஹெல்மெட்டுக்குள் சொல்வேன்.

நான் போனபோது பத்து மணி. கையில் கடைக்கென்று ஒரு சாமந்தி மாலை. முன்னறைத் தரை முழுக்க ஈரம். மேசையில் கப்புகள் வரிசையாகக் கவிழ்த்தபடி. பால் வைத்திருந்த ஜக் சுவரோரம் உருண்டு கிடந்தது. அக்காவை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள், பக்கத்து வீட்டுக்காரிதான் நடந்ததைச் சொன்னார். சத்தம் கொஞ்ச நேரத்தில் கனத்து, மூச்சு முட்டினது போல வந்ததாம். தம்பி சொன்னவர், அது பாட்டுத்தானாம் என்று அக்கா இவருக்கும் சொல்லிச் சிரித்தாராம். பிறகு பாலை நுரைக்க வைக்க நீராவிக் குழாயைத் திறந்தார். நீராவி வரவில்லை. பொயிலர் வாய் முட்ட நிறைந்திருந்த கொதிநீர் அந்த அழுத்தத்தோடு பீறிக்கொண்டு வந்தது. ஜக்கைப் பிடித்திருந்த இடது கையில் முழங்கை வரைக்கும்.

தைக்கிறவர்களுக்கு வலது கையைவிட இடது கைதான் முக்கியம் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. துணியை நடத்திப் போவது அந்தக் கை.

அடுத்து எழுதப்போவது இதைவிட வெட்கம். மெசினைத் திரும்பக் கொண்டுவந்து என் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினேன். ஆறு விநாடி, நின்றது. பத்துத் தரம் ஊற்றினேன். பத்துத் தரமும் நின்றது. குறை ஒன்றும் அகப்படவில்லை. அதனால் பத்து நாளாக, கேட்டவர்களுக்கெல்லாம், அக்கா எதையோ மாற்றித் திருகிப்போட்டார் போல என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆசுப்பத்திரியில் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிடந்தவரைப் பற்றி.

வவுனியாக்காரியிடமும் அப்படித்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"என்னா தண்ணி ஊத்துனாங்க?"

"நல்ல தண்ணி எண்டு சொன்னனான் தானே."

"நல்ல தண்ணின்னா என்னா தண்ணி?"

அது என்ன கேள்வி என்று எனக்குக் கோபம் வந்தது. நல்ல தண்ணி என்றால் நல்ல தண்ணி. உவர் இல்லாத கிணற்றுத் தண்ணீர். யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்கு வந்த எங்கள் வீடுகளில் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். இந்தக் கிணறு உவர், அந்தக் கிணறு நல்ல தண்ணி. அதில் கேட்க என்ன இருக்கிறது? மலையகத்து ஆளுக்கு விளங்காது என்று அவளுக்கு விளக்கம் வேறு சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க சொல்றது உங்க வீட்டு நல்ல தண்ணிங்க. அந்த அக்கா வீட்டுல போய்க் கேட்டீங்களா?" என்றாள்.

போனேன். அக்கா வீட்டுக்கு வந்து மூன்று நாள். கை முழுக்கக் கட்டு. என்னைக் கண்டதும் திட்டுவார் என்று நினைத்தேன், கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். அதைவிடத் திட்டியிருக்கலாம். குடிக்கத் தண்ணீர் கேட்டேன். குசினிக்குள் போனார், நானும் பின்னால் போனேன். மூலையில் நீலப் பிளாஸ்டிக் தண்ணீர்க் கான் ஒன்று இருந்தது. சந்தியில் இருக்கும் சுத்திகரிப்பு நிலையத்தில் நிரப்பிக்கொண்டு வருவது. வலது கையால் அதன் குழாயைத் திறந்து ஊற்றினார்.

"கிணத்துத் தண்ணி குடிக்கிறேல்லையோ அக்கா?"

"அது தோய்க்கத்தான். குடிக்கிறதுக்கும் சமைக்கிறதுக்கும் நல்ல தண்ணி, இதுதான்."

தண்ணீர்ச் செம்பைப் பிடித்தபடி நின்றேன். அக்கா தன்பாட்டில் சொல்லிக்கொண்டு போனார். அவருடைய மனிசனுக்குச் சிறுநீரகம் போனது கிணற்றுத் தண்ணீரால் என்று யாரோ சொன்னார்களாம். உண்மையோ பொய்யோ, அன்றைக்குத் தொடங்கி இந்த வீட்டில் கிணற்றுத் தண்ணீரை ஒருவரும் நல்ல தண்ணி என்று சொல்வதில்லையாம்.

"மெசினுக்கும் இதுதான் விட்டனான். அண்டைக்கு உம்மட்டைச் சொல்ல வந்தனான் தம்பி. நீர் பகிடி விட்டுக்கொண்டிருந்தனீர்."

பொயிலருக்குள் ஒரு கம்பி தொங்கும், உங்களுக்குத் தெரியும். தண்ணீர் அதைத் தொட்டதும் தண்ணீருக்குள்ளால் கொஞ்சம் மின்சாரம் ஓடும், நிறைந்துவிட்டது என்று மெசினுக்குத் தெரியும், பம்ப் நிற்கும். தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் இருப்பதால்தான் மின்சாரம் ஓடுகிறது. எல்லாவற்றையும் வடித்தெடுத்த தண்ணீரில் அது ஓடாது. கம்பி தண்ணீருக்குள் முழுகி நின்றாலும் மெசின் தன் வயிறு காலி என்றே நினைக்கும், ஊற்றிக்கொண்டே இருக்கும். என் கிணற்றுத் தண்ணீரில் ஓடியதும், அக்காவின் தண்ணீரில் ஓடாததும் அதனால்தான். சுவிஸ்காரன் இதை முதலே யோசித்திருக்கிறான். இவ்வளவு நேரம் ஊற்றியும் நிறையவில்லையென்றால் கத்து, பம்பையும் சூட்டையும் நிறுத்து என்று போர்டுக்குச் சொல்லி வைத்திருந்தான். பீப் பீப் என்று கத்தியது அதுதான். நான் பூட்டிய ரிலேக்களுக்கு அப்படி நேரம் பார்த்து நிறுத்தத் தெரியாது. போர்ட் பழுதாகவே இல்லை. அந்த வீட்டில் அக்காவைக் காத்துக்கொண்டிருந்தது அது ஒன்றுதான், அதைத்தான் நான் கழற்றிப் பிஸ்கட் ரின்னில் போட்டேன்.

வழி என்ன என்று வவுனியாக்காரியிடம் கேட்டேன். ஒரு கான் தண்ணீருக்கு ஒரு சிட்டிகை அப்பச்சோடா போடச் சொன்னாள். ஒரு சிட்டிகை. அப்பத்துக்குப் போடுவதைவிடக் குறைவு.

என் வேலை முழுவதையும் கழற்றி எறிந்தேன். நீராவி அழுத்தத்தைப் பழைய அளவுக்கு இறக்கினேன். ரின்னில் கிடந்த போர்டைத் துடைத்துத் திரும்பப் பூட்டினேன். இந்தத் தடவை மல்லாவியில், அக்காவின் முன்னறையில், அவருடைய நீலக் கான் தண்ணீரில், என் கையாலேயே போட்டுக் காட்டுவதென்று போனேன். அப்பச்சோடாவும் அவருடைய குசினியில் இருந்ததுதான். மேசைக்கு அருகே கதிரையைப் போட்டேன். அக்கா இருக்கவில்லை. உள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

போட்டேன். பம்ப் இரைந்தது. அக்காவின் வலது கை இடது கையைப் பொத்திக்கொண்டது. நான் எண்ணினேன். நாலு, ஐந்து, ஆறு. நின்றது. எதிரே ரியூசனில் யாரோ ஒப்புவிப்பது மட்டும் கேட்டது.

"நிண்டுட்டுது அக்கா," என்றேன். "உங்கட நல்ல தண்ணியிலைதான். இனி ஒண்டும் செய்யாது."

அவர் நிலையைத் தாண்டி வரவில்லை.

"நிண்டுட்டுது தான் தம்பி. எனக்கு இன்னும் கேக்குது."

நான் பிளக்கைக் கழற்றினேன்.

அந்த வாரமே அக்கா தையல் மெசினை முன்னறைக்குத் திரும்ப இழுத்துக்கொண்டார். பச்சைப் பெயின்ற் அப்படியே இருக்கிறது. கோப்பி மெசின் பின்னறையில், தையல் மெசினை மூடியிருந்த அதே துணியின் கீழ். இடது கையில் இரண்டு விரல் முழுதாக மடங்காது. ஒரு சட்டைக்கு முன்பு எடுத்த நேரத்தைப் போல இரண்டு மடங்கு எடுக்கிறது, கண்ணும் அப்படியேதான். கொக்கி தைக்கும் கை ஊசிகளில் நூல் கோர்த்துக் கொடுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போவேன். இருபது ஊசி கோர்த்துச் சின்னப் பஞ்சு மெத்தையில் குத்தி வைத்துவிட்டு வருவேன். ஒரு பகிடி சொல்லும் தம்பி என்று சிலவேளை கேட்பார். நூல் கோர்க்கிறேன் அக்கா, பிறகு சொல்கிறேன் என்பேன்.

நீங்கள் கொண்டுபோன சாமான் பெட்டியின் மூடிக்கு உள்பக்கத்தில் பேனையால் ஒரு வரி எழுதியிருக்கிறேன். முன்பு குறடு வைத்திருந்த இடத்துக்கு மேலே. நல்ல தண்ணி எண்டா என்ன தண்ணி? அதை அழிக்காதீர்கள். மெசின் கொண்டு வருகிற ஒவ்வொருவரிடமும் அதன் மூடியில் கை வைக்கும் முன் அப்படியே கேளுங்கள். இது என்ன விசர்க் கேள்வி என்று உங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் பதில் சொல்லி முடிக்கும் வரைக்கும் நீங்கள் சிரிக்க வேண்டாம்.